இரு வீட்டுக்கும் ஒரு நீல வண்டி

அருணை மலையாய் நிமிர்ந்தவனும் அவன் இடப்பாகம் கொண்ட அம்மையும் துணை.

ஜமுனாமரத்தூர்,
ஆடி முதல் நாள் (17-7-2023)

அன்பும் பண்பும் நிறைந்த சம்பந்தியம்மா மணியம்மாள் அவர்களுக்கு,

தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் துணைவி முத்தம்மாளும் இறையருளால் நலம். தாங்களும், தங்கள் பாத்திரக்கடையும், கடையில் தங்களுக்குத் துணை நிற்கும் மஞ்சுளாவும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

என் மகன் வெற்றிவேலும் தங்கள் மகள் ஆனந்தியும் நெதர்லாந்துக்கு வேலைக்குப் புறப்பட்டபோது விற்க மனமின்றி விட்டுச் சென்ற நீல வண்டியை, மூன்று மாதம் மலையிலும் மூன்று மாதம் செங்கத்திலும் வைத்துக்கொள்வோம் என்று நாம் பேசி முடித்து ஓராண்டு நிறைந்தது. பிள்ளைகள் போன பின் வெறிச்சென்று கிடந்த இரு வாசல்களுக்கும் மாறி மாறி ஒரு வரவைக் கொடுத்த இறைவனுக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டே மற்றவற்றை எழுதுகிறேன்.

மலையில் இந்த வண்டியோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மெய்யாகச் சொல்கிறேன். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வகை இது என்று வெற்றிவேல் சொன்னபோது, இளைஞர்களின் ஆடம்பரம் என்றே எண்ணினேன். ஆனியில் பெய்த மழை என் எண்ணத்தைத் திருத்தியது. ஈரச் செம்மண் வழிந்து கிடந்த கொண்டை ஊசி வளைவில் மற்ற கார்கள் தயங்கி நிற்க, இது பாறையைப் பற்றி ஏறும் உடும்பைப் போல ஏறிற்று. கியரை மாற்றும் தண்டு கைக்கு அடக்கமாய், சொன்ன இடத்தில் சொன்னபடி விழுகிறது. பள்ளிக்கூட ஜீப்பில் பழகிய என் கைக்கு அது ஒரு பேறு.

குறைகளும் உண்டு. வயிறு தாழ்ந்த வண்டி. வேகத்தடை ஒவ்வொன்றிலும் சாய்வாக ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறேன். இருக்கை ஓட்டுபவனை இரு பக்கமும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேட்டி கட்டியவன் மானத்தோடு இறங்குவது எளிதன்று. "இதுல ஏறி எறங்குறது கெணத்துல எறங்கி ஏர்ற மாதிரி கீது" என்கிறாள் முத்தம்மாள். மலை ஏறும்போது பதிகம் பாடுவது என் வழக்கம். இந்த வண்டியோ பாட்டு முடியும் முன்பே மேலே சேர்ந்துவிடுகிறது. ஆகவே இரண்டாவது கியரிலேயே வருகிறேன். "சாமியையும் ரெண்டாவது கியர்லயே வெச்சிகினு வர்றீங்களே, அவருக்கு அவசரம் இருக்காதா?" என்று அதற்கும் அவளுக்கு ஒரு கேலி.

வெற்றிவேல் ஞாயிறுதோறும் பேசுகிறான். மருமகளிடம் கொடு என்றால், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறான். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு கடைகள் திறந்திருக்கும் போலும்.

பக்கத்து வீட்டு வீரன் வண்டியை ஓட்டி வருகிறான். டிக்கியில் தேனும் சாமையும் வைத்திருக்கிறோம். இந்த ஓராண்டில் தாங்கள் காட்டிய அன்புக்கு எங்கள் நன்றி.

இங்ஙனம்,
தாண்டவராயன்

*

முருகன் துணை

செங்கம்,
18-10-2023

மரியாதைக்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

மணியம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். உங்கள் நலமும் அண்ணி நலமும் அறிய ஆவல். தேன் நன்றாக இருந்தது. சாமைச் சோறு மஞ்சுளாவுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

நீங்கள் எழுதியதுபோல எனக்கு எழுத வராது. என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் இந்த வண்டி ஒரு தண்டனை. அடிக்கு ஒரு தரம் நின்று, நின்ற இடத்திலெல்லாம் கிளட்சை மிதித்து, சந்தை நாளில் வீடு சேரும்போது இடது முட்டி எனக்குச் சொந்தமில்லை. பெட்ரோலையும் கணக்கில்லாமல் குடிக்கிறது. டிக்கியில் தவலை, குண்டான் எல்லாம் போகும். அண்டா போகாது, வாய் சின்னது.

ஆனால் ஐயா, விடியலில் திருவண்ணாமலை சாலையில் மூன்றாவது கியரில் அதை ஒரு மிதி மிதித்தால், அது ஒரு இழுப்பு இழுக்கிறது பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். மஞ்சுளாவை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனேன். "அக்கா, இது காரா, ராட்டினமா? என்னை எறக்கி வுட்ருங்க, நான் பஸ்ல வர்றேன்" என்று கத்திவிட்டாள். ஆனந்தியின் அப்பா போன பிறகு கடை, வீடு, மறுபடி கடை என்றே இருந்தவள் நான். இப்போது காலையில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து கடை திறக்கிறேன். இந்த வயதில் இது எனக்குக் கிடைத்ததே என்று தினமும் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். இந்தத் தீபாவளிக்கும் மாப்பிள்ளை இங்கே இல்லை. பெண் வீட்டுச் சீர் செய்யாமல் இருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. அதனால் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை அவர் வண்டிக்குச் செய்துவிட்டேன். முன்பக்கம் இரண்டு டயரும் தேய்ந்திருந்தன. இரண்டும் புதிதாகப் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்புகிறேன். பின்பக்கம் இரண்டும் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனந்தி பேசுகிறாள். மாப்பிள்ளை எங்கே என்று எப்போது கேட்டாலும் வேலையில் இருக்கிறார் என்கிறாள். அங்கே வேலைக்குப் பொழுது விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
மணியம்மாள்

*

அண்ணாமலையான் அடி போற்றி.

ஜமுனாமரத்தூர்,
21-11-2023

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். வண்டி மலையில் இருப்பதால் இதனைத் தபாலில் அனுப்புகிறேன். தாங்கள் அனுப்பிய சீரை நாங்கள் இருவரும் கண்ணில் ஒற்றி ஏற்றுக்கொண்டோம். மருமகன் இல்லாத குறையை அவன் வண்டியைக் கொண்டு தீர்த்துக்கொள்ளும் மனம் யாருக்கு வரும்? இதை முதலில் சொல்லிவிட்டேன் என்பதைத் தாங்கள் மறவாமல் மேலே படிக்க வேண்டும்.

தீபாவளி கழிந்த வாரம் திருப்பத்தூருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகையில் நல்ல மழை. பாதி மலையில், ஓட்டுபவன் கண்ணுக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. "இன்னாங்க, தீபத்துக்கு இன்னும் நாள் கீதே, அதுக்குள்ள இங்க வௌக்கு ஏத்திட்டாங்க?" என்றாள் முத்தம்மாள். நகைத்துக்கொண்டே அடுத்த வளைவில் திரும்பினேன். வண்டி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. பின்சக்கரங்கள் தமக்குத் தொடர்பில்லாதது போல நின்றன. பின்னால் வந்த பேருந்திலிருந்து இறங்கிய நம் ஊரார்தாம் தள்ளி ஏற்றினார்கள். முனியன் சும்மா தள்ளவில்லை. "வாத்தியாரே, நாலு சக்கரமும் இழுக்கும்னு ஊரெல்லாம் சொல்லினு இருந்தீங்க. இப்ப நாங்க நாலு பேரு இழுக்கிறோம்!" என்றான். பேருந்தே சிரித்தது.

மறுநாள் மெல்ல இறக்கி, திருப்பத்தூரில் பழுது பார்க்கும் சதீஸ்குமாரிடம் காட்டினேன். அவர் சொன்னது இது. இவ்வகை வண்டியில் நான்கு டயர்களும் ஒரே உயரம் இருக்க வேண்டும். முன்னிரண்டு புதியதும் பின்னிரண்டு தேய்ந்ததுமாய் இருந்தால், ஒரே தூரத்துக்குச் சக்கரங்கள் வேறு வேறு கணக்கில் சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பு அந்த வேறுபாட்டை ஓயாமல் சமாளித்துச் சமாளித்துச் சூடேறி, ஒரு கட்டத்தில் பகிர்வதையே நிறுத்திக்கொள்ளும். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானின் தேருக்குச் சூரியனும் சந்திரனும் சக்கரங்கள் என்கிறார்கள். அளவு ஒவ்வாத சக்கரங்களில் ஏறிப் போக அவனுக்கு இயலும். நம் வண்டிக்கு இயலாது.

பின்னிரண்டுக்கும் தாங்கள் போட்ட அதே வகை டயரைப் போட்டாயிற்று, எண்ணெயும் மாற்றியாயிற்று. விளக்கு அணைந்தது. வண்டி பழையபடி மலையைப் பற்றி ஏறுகிறது. தங்களிடம் மறைத்தால் அது அன்புக்கு அழகன்று என்றே எழுதினேன். அறியாமல் நேர்ந்தது. வாங்கிய எங்களுக்கும் தெரியவில்லை. கொடுத்த தங்களுக்கும் தெரியவில்லை. தாங்கள் ஒருபோதும் வருந்தக் கூடாது.

இங்ஙனம்,
தாண்டவராயன்

*

முருகன் துணை

செங்கம்,
4-12-2023

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். முனியன் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு, அந்த மழையில் அண்ணியை வைத்துக்கொண்டு நீங்கள் வளைவில் நின்றதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சீர் என்று செய்து உங்களைச் சேற்றில் நிறுத்திவிட்டேனே. மஞ்சுளா வேறு, "அக்கா, அடுத்த தடவ வேட்டி சட்டையே எடுத்துக் குடுத்துடுங்க, அது இன்னா ஒயரம் இருந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்கிறாள். மன்னித்துவிடுங்கள்.

ஐயா, இதற்கு மேல் எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. நேற்று ஆனந்தி பேசினாள். வெகுநேரம் பேசினாள். அவர்கள் இருவரும் ஆனி மாதத்திலிருந்தே தனித்தனி வீட்டில் இருக்கிறார்களாம். நம்மிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடித்தாரா, குடித்தாரா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவரு நல்லவருதான். நானும் நல்லவதான். ஒத்துப்போவல" என்றாள். இப்படி ஒரு காரணத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் எனக்கு எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தை முதல் நாள் வண்டி இங்கே வர வேண்டிய முறை. வரட்டுமா, வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மணியம்மாள்

*

அவன் அருள் அன்றி ஒன்றும் இல்லை.

ஜமுனாமரத்தூர்,
தை முதல் நாள் (15-1-2024)

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எங்களுக்குத் தெரியாது. தங்கள் கடிதம் கண்டு வெற்றிவேலைக் கேட்டோம். ஆமாம் என்ற ஒரு சொல்லுக்குப் பின் அவன் அழுதான். முத்தம்மாள் அடுப்பைப் பற்றவைக்க மறந்து உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் எழுதாததற்கு எழுத்து வராததே காரணம், வேறில்லை.

தை பிறந்துவிட்டது. முறை தங்களுடையது. வீரன் வண்டியைக் கொண்டு வருகிறான். விடியல் சாலையைத் தாங்கள் விட்டுவிட வேண்டாம்.

தாண்டவராயன்

*

செங்கம்,
20-3-2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முறை முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் இன்றே வண்டியை அனுப்புகிறேன். எங்கள் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் டிரைவர் கொண்டுவந்து விடுவார். இரண்டு சாவியும் அவர் கையில் இருக்கின்றன. உள்ளே வெளியே கழுவித் துடைத்திருக்கிறேன். டயர் நான்கும் ஒரே அளவில்தான் இருக்கின்றன, காற்றும் பார்த்தாயிற்று. என் மூக்குக்கண்ணாடிக் கூடும், வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த வேலும் எடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவரும் விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இனி நமக்குள் என்ன முறை என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைச் சம்பந்தி என்று மேலே எழுதத் தொடங்கி, எழுத வரவில்லை. வண்டி உங்கள் மகன் பெயரில் இருக்கிறது. விற்கப் போவதாக ஆனந்தி சொன்னாள். விற்பதுதான் சரி.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. தெருவில் கேட்கிறார்கள். "பொண்ணே அந்த வூட்ல இல்ல. அவங்க வண்டி இன்னாத்துக்கு உங்க வாசல்ல நிக்குது?" என்று என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். நல்ல பதில் என்னிடம் இருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேன். இல்லை.

நீங்களும் அண்ணியும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த வண்டியில் நான் சிரித்த சிரிப்பெல்லாம் நீங்கள் கொடுத்தது. அதை எந்த நாளும் மறக்க மாட்டேன். இனிமேல் கடிதம் வேண்டாம் ஐயா. படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மணியம்மாள்

*

உலகெலாம் ஓம்பும் ஒருவன் தாளைத் தலையில் கொண்டு எழுதத் தொடங்குகிறேன். நம் சொற்கள் தவறினாலும் அவன் நம்மைத் தவறவிடுவதில்லை.

செங்கம் பேருந்து நிலையம்,
ஆடி முதல் நாள் (17-7-2024)

அன்புத் தங்கை மணியம்மாளுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். அதற்குக் கட்டுப்பட்டு இத்தனை மாதம் எழுதவில்லை. முத்தம்மாள் தொலைபேசியில் அழைத்தபோதும் தாங்கள் எடுக்கவில்லை. இன்று கட்டளையை மீறுகிறேன். ஒரு முறை மட்டும் பொறுத்தருள வேண்டும்.

வண்டி வந்த நாளில் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். வேல் தொங்கிய இடம் வெறுமையாக இருந்தது. முத்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வெற்றிவேல் அழைத்து, வாங்குவதற்குப் பெங்களூரில் ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்றான். என் கையிலிருந்த தொலைபேசியை அவள் பிடுங்கிக்கொண்டாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். திருத்தினால் பொருள் குறைந்துவிடும்.

"டேய், நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்க. சரி, உங்க வாழ்க்க. நாங்க இன்னாத்துக்குடா பிரியணும்? என் செங்கத்து அண்ணி இன்னா நீ வாங்கிக் குடுத்த பொருளா, வேணான்னதும் திருப்பி எடுத்துகினு போறதுக்கு? வண்டி எங்க ரெண்டு வூட்டுக்கும் பொது. வித்தியானா ஆத்தாகிட்ட பேசாத."

மறுமுனையில் அவன், "ஆனந்திகிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா" என்றான். கேட்டிருக்கிறான். பிரிந்த பிறகு அவர்கள் இருவரும் முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டது அதற்காகத்தானாம். இருவரும் சேர்ந்து ஒப்பியபடி, வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்ற ஆனந்தி கேட்டுத் தாங்கள் மறுத்ததாகவும், பிறகு மகள் அழுது வற்புறுத்தியதால் மட்டுமே கையெழுத்திட்டதாகவும் அறிந்தேன். என் பெயருக்கு மாற்றாமல் தங்கள் பெயருக்கு ஏன் என்று அப்போது மகளிடம் கேட்டீர்களாம். அது என் வேண்டுகோள். காரணத்தை நான் சொல்வதே முறை.

வண்டி என் பெயரில் இருந்தால், ஒவ்வொரு முறையும் தருபவன் நானாவேன். பெறும்போதெல்லாம் தங்கள் மனம் கூசும். தங்கள் பெயரில் இருந்தால், கேட்டு வருபவன் நான். எனக்கோ கேட்டுப் பெறுவதில் கூச்சமில்லை. நாள்தோறும் இறைவனிடம் அதைத்தானே செய்கிறேன்.

இன்று ஆடி பிறந்தது. வண்டி கீழே இறங்க வேண்டிய நாள். வீரனை அனுப்பாமல் நானே ஓட்டி வந்தேன். முத்தம்மாள் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வளைவிலும் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். பதிகம் பாடவில்லை. கேட்டுக்கொண்டே வந்தேன், அதுவும் நன்றாகவே இருந்தது. தங்களை நேரில் கண்டால் தாங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்று அஞ்சி, தாங்கள் கடையில் இருக்கும் வேளை பார்த்துத் தங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினோம். தங்களுக்குச் சாப்பாடு எடுக்க வீட்டுக்கு வந்த மஞ்சுளாவிடம் சாவியைக் கொடுத்தோம். "அம்மா, அக்கா திட்டுவாங்க" என்றாள். "திட்டினா மலைக்கு வந்து திட்டச் சொல்லு, சோறு போட்டுத் திட்டு வாங்கிக்கறேன்" என்றாள் தங்கள் அண்ணி. பேருந்து நிலையம் வரை எங்களுடன் வந்திருக்கும் மஞ்சுளாவிடமே இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு மலைப் பேருந்தில் ஏறப்போகிறோம்.

தெருவில் கேட்பவர்களுக்குச் சொல்லத் தங்களிடம் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது இருக்கிறது. "வண்டி என்னுடையது. மலைமேல் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். மழைக்காலத்தில் அவருக்கு வேண்டியிருக்கும்; வந்து கேட்பார், கொடுப்பேன்" என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஐப்பசி முதல் நாள் நான் வந்து கேட்பேன்.

திருமணத்தால் வந்த உறவு திருமணத்தோடு போய்விட்டது என்று ஒருநாள் நானும் எண்ணிக் கலங்கினேன். பிறகு உணர்ந்தேன். அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தர முடியாததை நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு உடன்பிறந்தார் இல்லை. இந்த முதுமையில் ஒரு தங்கையைக் கொடுத்ததற்கு அவர்கள் இருவருக்கும் நான் நன்றியுடையவன்.

தங்கள் இல்லத்தில் விளக்கு நின்றெரிக. கடையில் கலம் நிறைக, கைராசி நிறைக. எங்கிருந்தாலும் ஆனந்தி தன் பெயருக்கேற்ற வாழ்வு பெறுக. வெற்றிவேலும் தன் வழியில் நலம் காண்க. விடியலில் தாங்கள் போகும் சாலை எல்லாம் அண்ணாமலையான் முன்னே நடந்து காக்க. தங்களையும் தங்கள் வாசலில் கால் வைக்கும் அனைவரையும் அவன் அருள் சூழ்ந்து வாழ்விக்க.

தங்கள் அண்ணன்,
தாண்டவராயன்